பாவின் மேல் ஒரு கண்ணாடிக் குழல்

ஆரணிக்குப் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது இந்த ஊர். அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது. ஊருக்குள்ளோ, பக்கத்திலுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலோ ஒரு நெசவாளர் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். தரையில் ஒரு பள்ளம். அதற்குள் கால்களைத் தொங்கவிட்டு நெசவாளர் உட்கார்ந்திருப்பார். எதிரே ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் விறைப்பாக நீண்டிருக்கும். அதுதான் பாவு. தலைக்கு மேலே, துளையிட்ட அட்டைகளை மாலைபோல் கோத்த ஜக்கார்டு பெட்டி. மிதியை அமுக்கும்போதெல்லாம் தறி முழுவதும் 'தடக், தடக்' என்று அதிரும். இத்தனைக்கும் நடுவே, பாவுக்கு நேர் மேலே, கயிற்றிலோ கம்பியிலோ கட்டித் தொங்கவிட்ட ஒரு குழல் விளக்கு! 'டியூப் லைட்' என்று சொன்னால்தான் எல்லாருக்கும் சட்டென்று புரியும்.

இன்று பல வீடுகளில் அந்த இடத்துக்கு எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய கண்ணாடிக் குழல் முற்றிலும் விடைபெற்றுப் போய்விடவில்லை. தறிக்கூடத்தில், பள்ளிக்கூடத்தில், அரிசி ஆலையில், ரயில் நிலையத்தில் எங்கேயாவது ஒன்று இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அது உடைந்து கீழே கொட்டினால்? வகுப்பறையில் என்றால் பெருக்கிவிடலாம் என்று நினைப்பீர்கள் (அதுவும் சரியில்லை, ஏன் என்று பிறகு பார்ப்போம்). தறியில் கொட்டினால் கதையே வேறு. ஊசிபோன்ற கண்ணாடிச் சில்லுகள் இழைகளுக்கு இடையே புகுந்துகொள்ளும். ஒவ்வொரு ஊடை இழையும் நெய்யப்பட்டதும் அச்சு முன்னால் வந்து இடிக்கும் அல்லவா? அப்போது இடையில் சிக்கிய சில்லு கத்திபோல் வேலை செய்யும். அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து முடிய வேண்டும். பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுத்தவை. கூலி சேலைக்கு இவ்வளவு என்று. கெட்டுப்போன பாவுக்கு நெசவாளர் அல்லவா பதில் சொல்ல வேண்டும்!

அப்படியானால் இந்த ஆபத்தான கண்ணாடியை ஏன் அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள்? காரணம் இருக்கிறது. குண்டு பல்பு ஒரு புள்ளியிலிருந்து ஒளி தருகிறது. அதனால் கையின் நிழல் கன்னங்கரேலென்று பாவின்மேல் விழும். குழல் விளக்கோ நாலடி நீளம். குழலின் ஒரு பகுதியிலிருந்து வரும் ஒளியைக் கை மறைத்தாலும், மற்றப் பகுதியிலிருந்து வரும் ஒளி அங்கே போய்ச் சேரும். நிழல் மங்கிவிடும். மேலும் குண்டு பல்பைவிடச் சூடு மிகக் குறைவு, செலவும் குறைவு. தலைமுடியைவிட மெல்லிய இழையைப் பார்த்து வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல விளக்கு நெடுங்காலம் வேறு கிடையாது.

ஒரு டன் சுமக்கும் குழல்

குழல் விளக்கு உடையும்போது 'டமால்' என்று பட்டாசுபோல் ஏன் சத்தம் வருகிறது? "உள்ளே இருக்கும் வாயு வெடிக்கிறது" என்று உங்கள் நண்பர் சொல்வார். நேர்மாறு! உள்ளே வாயு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது மிகக் குறைவு. பெரும்பாலும் ஆர்கான். அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான். ஆகவே வெளிக்காற்று குழலை எல்லாப் பக்கமும் அமுக்கிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு பலத்துடன்? நீங்களே கணக்கிடலாம். நாலடிக் குழலின் நீளம் சுமார் 120 செ.மீ. 'டி-8' என்ற ரகத்தின் விட்டம் 2.6 செ.மீ. (விளக்குகளில் 'டி' எண் என்பது விட்டத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்வது. எட்டுக்கு எட்டு, ஓர் அங்குலம்! பழைய தடித்த குழல் டி-12. அதாவது ஒன்றரை அங்குலம்.) சுற்றளவை நீளத்தால் பெருக்கினால் புறப்பரப்பு ஏறத்தாழ 980 சதுர செ.மீ. காற்று ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமான பலத்துடன் அழுத்துகிறது. மொத்தம் ஒரு டன்! ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத கண்ணாடி இதைத் தாங்குகிறது. தடித்த டி-12 குழலுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,400 கிலோவைத் தாண்டும்.

எப்படித் தாங்குகிறது? வளைவுதான் காரணம். கல்லால் கட்டிய வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குவதுபோல, உருளையின் ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியை நெருக்குகிறது. கண்ணாடி நெருக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையைத்தான் தாங்காது. மேல் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும். இழுபடும்போது அந்தக் கீறலின் முனையில் விசை முழுவதும் குவிந்து, கீறல் பிளவாக ஓடத் தொடங்கும். ஆங்கிலேய அறிஞர் கிரிஃபித் 1921-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் விளக்கினார். கண்ணாடிக் கடைக்காரர் வைர முனையால் லேசாகக் கோடு கிழித்துவிட்டு 'டக்' என்று உடைப்பதும் இதே விதியால்தான்.

குழலின் நடுவில் ஓர் அடி விழுந்தால் அது வளைகிறது. வளைந்தால் ஒரு பக்கம் இழுபடும். பிளவு ஓடும். வெளிக்காற்று உள்ளே பாய்ந்து சில்லுகளை உள்நோக்கி அடிக்கும். அவை ஒன்றோடொன்று மோதி எல்லாத் திசையிலும் சிதறும். ஆகவே இது வெடிப்பு அன்று. 'உள்வெடிப்பு' என்று சொல்லலாம்.

காரின் பக்கவாட்டுக் கண்ணாடிபோல இதையும் பதப்படுத்திவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்தப் பதப்படுத்துதலில் சூடான கண்ணாடியின் வெளிப்புறத்தைத் திடீரென்று குளிரவைத்து, உட்புறத்தை மெதுவாகக் குளிரவிடுகிறார்கள். அதற்குக் கண்ணாடி ஓரளவு தடிமனாக இருக்க வேண்டும். குழல் விளக்கின் கண்ணாடியிலோ உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசமே உண்டாகாது. அப்படியே பதப்படுத்தினாலும், மின்முனைகளைப் பொருத்துவதற்காக இரு நுனிகளையும் மறுபடி உருக்கும்போது அங்கே பதம் போய்விடும்.

சட்டை போட்ட விளக்கு

எனவே பொறியாளர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். கண்ணாடி உடையட்டும், ஆனால் சிதறக் கூடாது. குழலுக்கு ஒரு சட்டை போட்டுவிட்டார்கள்.

இதில் இரண்டு வகை. ஒன்று, பாலிகார்பனேட் என்னும் உறுதியான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆன உறை. விளக்கை அதற்குள் செருகி, இரு நுனிகளையும் மூடியால் அடைத்துவிடுவார்கள். விளக்கு பழுதானால் உறையைக் கழற்றி அடுத்த விளக்குக்குப் போட்டுக்கொள்ளலாம். மற்றொன்று, தொழிற்சாலையிலேயே குழலின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். சூடாக்கினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும் ரகம். இத்தகைய விளக்கு கீழே விழுந்தால் உள்ளே கண்ணாடி நொறுங்கும். ஆனால் சில்லும் பொடியும், பாதரசத்தின் பெரும்பங்கும் பைக்குள் இருப்பதுபோல் அப்படியே இருக்கும். முழுக் குழலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

பட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குழலிலிருந்து சிறிதளவு புற ஊதாக் கதிர் வெளியே கசிகிறது. நாள்கணக்கில் அது பட்டால் பட்டு மஞ்சளாகும், சாயம் வெளுக்கும். பாலிகார்பனேட் அந்தக் கதிரைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது.

குறையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. உறைக்குள் விளக்கு கூடுதலாகச் சூடாகும். குழல் விளக்கின் சுவர் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதுதான் ஒளி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் உள்ளே பாதரச ஆவி மிகுந்து, ஒளி குறையத் தொடங்கும். கத்திரி வெயிலில், ஓட்டு வீட்டுக்குள், உறை போட்ட விளக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் எரியும். உறையில் தூசும் படியும். அவ்வப்போது துடைக்க வேண்டும்.

இந்த உறைகள் முதலில் பெரிதும் தேவைப்பட்டது உணவுத் தொழிற்சாலைகளுக்கு. ஆரணியின் மற்றொரு தொழிலை நினைத்துப் பாருங்கள். அரிசி ஆலையில் ஒரு குழல் உடைந்து அரிசிக் குவியலில் விழுந்தால், நொய்யையும் கண்ணாடியையும் யார் பிரிப்பது? இந்தியாவின் 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: விளக்கு உடைந்து உணவில் கலந்துவிடாதபடி, தேவையான இடங்களில் அதற்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். சோற்றுக்குச் சரி. சேலைக்கு அப்படியொரு கட்டாயம் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று எனக்கு ஆச்சரியம்தான்!

வெள்ளைப் பொடியின் பழைய பாவம்

"டியூப் லைட் கிழித்த காயம் ஆறாது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் கட்டுக்கதையா? இல்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது.

குழலுக்குள் மின்சாரம் பாயும்போது பாதரச அணுக்கள் புற ஊதாக் கதிரை வீசுகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. உட்சுவரில் பூசிய வெள்ளைப் பொடிதான் அதை வாங்கிக்கொண்டு வெண்ணொளியாகத் திருப்பித் தருகிறது. அமெரிக்காவில் 1938-ல் இவ்விளக்குகள் விற்பனைக்கு வந்தபோது அந்தப் பொடியில் பெரிலியம் என்ற தனிமம் கலந்திருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்ற ஊர் (நம் சேலம் அன்று!), அங்கே விளக்குத் தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் மூச்சுத் திணறல் வந்தது. நுரையீரல் கெட்டது, சிலர் இறந்தார்கள். ஹாரியட் ஹார்டி என்ற மருத்துவர், டேபர்ஷா என்பவருடன் சேர்ந்து 1946-ல் பெரிலியத்தின்மேல் விரலை நீட்டினார். உடைந்த குழல் கீறிய காயங்கள் ஆறாமல் கட்டியாகிப்போனதும் இந்தப் பெரிலியத்தால்தான். 1949-ல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் அதைக் கைவிட்டார்கள். அதன் இடத்தைக் கால்சியம் பாஸ்பேட்டை அடிப்படையாகக் கொண்ட பொடி பிடித்துக்கொண்டது. கால்சியம் பாஸ்பேட் உங்கள் எலும்பிலும் இருக்கிறது. ஆகவே இன்றைய குழல் கிழித்தால் அது வெறும் கண்ணாடிக் காயம்தான். ஆனால் சில்லு உள்ளே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிலியம் போயிற்று. பாதரசம் போகவில்லை, அது இல்லாமல் இந்த விளக்கு எரியாதே! செய்ய முடிந்தது அளவைக் குறைப்பதுதான். பழைய தடித்த குழல் ஒன்றில் 20 முதல் 40 மில்லிகிராம் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருந்தது. பின்னால் வந்த நல்ல குழல்களில் 3 முதல் 5 மில்லிகிராம்தான். அதையும் சொட்டுச் சொட்டாக விடாமல், வேறு உலோகத்துடன் கலந்த இரசக்கலவைக் குண்டுமணியாகப் போடும் முறை வந்தது. பிஸ்மத், இண்டியம் போன்ற உலோகங்கள் பாதரசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது அவ்வளவு எளிதில் ஆவியாக விடாது.

உடைந்த பிறகு

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு தறி அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கனஅளவு சுமார் 34 கனமீட்டர். 5 மில்லிகிராம் பாதரசம் முழுவதும் ஆவியானால், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 150 மைக்ரோகிராம். தொழிற்சாலையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பவர்களுக்கு அமெரிக்கத் தொழில்நல வல்லுநர்கள் வைத்த எல்லை 25. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியாகச் சொல்வதோ 1 மைக்ரோகிராம்தான்.

பயந்துவிடாதீர்கள். முழுவதும் ஒரேயடியாக ஆவியாவதில்லை. முதல் சில மணி நேரத்தில் ஒரு பங்குதான் வெளிவரும். சன்னலைத் திறந்தால் அதுவும் விரைவில் போய்விடும். மீதி பொடியிலும் சில்லிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் மெல்லக் கசியும். அங்கேதான் தொல்லை. நெசவாளர் குடும்பத்துக்குத் தறி அறையே வீடு. குழந்தை தவழ்வதும் தாத்தா படுப்பதும் அங்கேதான். பாதரசத்தை விழுங்கினால் அது குடலில் அநேகமாக ஒட்டாமல் வெளியேறிவிடும். ஆவியாக மூச்சில் போனாலோ, நுரையீரல் அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்துக்கொள்கிறது! தொடர்ந்து போனால் கை நடுக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு. ஒரு குழல் உடைந்ததால் இவை வந்துவிடாது. உடைவதெல்லாம் அந்த அறையிலேயே தங்கிவிட்டால்தான் கவலை.

தறிக் குழியை மறக்கக் கூடாது. "பாதரச ஆவி கனமானது, குழிக்குள் இறங்கித் தேங்கும்" என்று சிலர் எழுதுகிறார்கள். இவ்வளவு நீர்த்த நிலையில் ஆவி காற்றோடு கலந்துதான் நிற்கும். தனியே பிரிந்து கீழே இறங்காது. ஆனால் பொடியும் சில்லும் பாதரச மணிகளும் கட்டாயம் குழிக்குள்தான் விழும். அங்கே காற்றோட்டமும் இல்லை. நெசவாளரின் கால்கள் வேறு.

எனவே குழல் உடைந்தால் செய்ய வேண்டியது இதுதான். மின்விசிறியை நிறுத்துங்கள். சன்னல், கதவுகளைத் திறந்துவிட்டு எல்லாரும் பத்து நிமிடம் வெளியே போய்விடுங்கள். பிறகு தடித்த அட்டை இரண்டால் சில்லுகளை அள்ளுங்கள். துடைப்பத்தைத் தொடவே வேண்டாம். அது பொடியை அறை முழுவதும் இறைத்துவிடும், துடைப்பத்திலும் பாதரசம் ஏறிக்கொள்ளும். மீந்த துகள்களை ஒட்டும் நாடாவாலும், பிறகு ஈரக் காகிதத்தாலும் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் இறுக்க மூடும் பாட்டிலில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். குழியையும் இப்படியே துடைக்க வேண்டும். பாவிலுள்ள சில்லுகளைத் தேட, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணாடி மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

ஜரிகைக்கும் பாதரசத்துக்கும் ஒரு பகை உண்டு. தங்கமும் வெள்ளியும் பாதரசத்தில் கரைந்து இரசக்கலவையாகும் என்று படித்திருப்பீர்கள். பாதரச மணி ஒன்று ஜரிகையில் பட்டால் அந்த இடம் வெளுத்துவிடும். பழைய டி-12 குழல்களில் கண்ணுக்குத் தெரியும் மணிகளே இருப்பதுண்டு. புதியவற்றில் அவ்வளவு இல்லை.

சினிமாச் சண்டையிலும் திருவிழாச் சாகசத்திலும் குழல் விளக்கை மார்பில் அடித்து உடைக்கிறார்களே, அதைப் பார்த்து யாராவது கைதட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை இனி நீங்கள் சொல்லலாம்.

எரிந்து தீர்ந்த குழலைக் குப்பைத்தொட்டியில் எறிவதும் உடைப்பதற்குச் சமம்தான். பாதரசம் ஒட்டிய கண்ணாடியைச் சாதாரணக் கண்ணாடியாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து போன உடைந்த கண்ணாடி, பாதரசத்துடன் டன் கணக்கில் ஒரு பழைய பொருள் கடையில் கிடப்பது 2001-ல் வெளியே தெரிந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவை மூட்டை கட்டிக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மண்ணைச் சுத்தப்படுத்தும் வழக்கு அதன் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. குழல் விளக்குகளை 2016-ஆம் ஆண்டு விதிகள் மின்னணுக் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டன. புதுக் குழல் வந்த அட்டை உறையிலேயே பழையதைச் செருகி, உடையாமல் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைப்பதே சரி.

பாதரசத்துக்கே விடைகொடுக்கும் வேலையும் நடக்கிறது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956-ல் வெளிப்பட்ட பாதரச நோயின் பெயரால் 2013-ல் ஓர் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 2018-ல் அதை ஏற்று உறுதிசெய்தது. நீளக் குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவது என்று 2023-ல் ஜெனீவாவில் கூடிய அதன் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன.

எல்.இ.டி. குழலில் பாதரசம் இல்லை. உள்ளே வெற்றிடமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: விலை மலிவான பல எல்.இ.டி. குழல்களும் கண்ணாடியால் ஆனவையே! பாவின் மேல் விழுந்தால் அதே சில்லுகள்தான். தறிக்கு வாங்குவதானால் பாலிகார்பனேட் குழலையோ, கண்ணாடிமேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியதையோ கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பழைய பட்டியிலேயே மாட்டுவதானால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் என்ன செய்வது என்பது குழலுக்குக் குழல் மாறும். சிலவற்றுக்கு ஒரே நுனியில் மின்சாரம். சிலவற்றுக்கு இரு நுனியிலும். அட்டைப்பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து மின்பணியாளர்தான் மாற்ற வேண்டும். தறியின் அதிர்ச்சி எட்டாதபடி, பட்டியைத் தறிச் சட்டத்தில் கட்டாமல் உத்தரத்தில் கட்டி, பாவுக்கு நேர் மேலே இல்லாமல் ஒரு முழம் தள்ளித் தொங்கவிடலாம். குழலின் ஊசிகளைத் தாங்கிக்குள் நுழைத்ததும் கால் சுற்றுத் திருப்பி, அது 'டக்' என்று உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் தொடங்கும் முன், பாவின் மேல் ஒரு பழைய போர்வையை விரித்துவிடுங்கள்.